இடப்பக்கம் சாயும் மடிப்பு

மே 3, சனி

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எட்டு வருடமாக என் தம்பி குமரகுருவிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனைப் பற்றிப் பிறரிடம் சொன்னதுமில்லை. இதைப் பெருந்தன்மை என்று நினைக்கிற உறவினர்கள் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. சொல்வதென்றால் ஒன்றுவிடாமல் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனித் தள்ளிப்போடுவதாக இல்லை. அவனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதப் போகிறேன். மனத்தில் கிடப்பதை வரிசைப்படுத்திக்கொள்ளவே இந்த நாட்குறிப்பு.

இன்றைக்கே தொடங்கக் காரணம், விருதுநகரிலிருந்து அவன் மனைவி ஈஸ்வரி போன் செய்ததுதான். குமரகுருவுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். பன்னிரண்டாம் தேதி மதுரையில் அறுவை சிகிச்சை. ஈஸ்வரிக்குப் பெற்றோர் இல்லை, அண்ணன் துபாயில். பள்ளிக்கூடம் லீவு. இரண்டு பெண்பிள்ளைகளையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

"ரெண்டு வாரம் வச்சுக்கிடுங்க அத்தான். அவுக கேக்கச் சொல்லல. நானாத்தான் கேக்கேன்."

சரி என்றேன். மறுப்பதென்றால் நாலு வாக்கியம் பேசியிருக்க வேண்டும். 'சரி' ஒரே சொல்.

அதற்காக எதையும் மறந்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அம்மா இறந்த அன்று கொடைக்கானலிலிருந்து கிளம்பிய என் பஸ், மலைப்பாதையில் மரம் விழுந்து நின்றுவிட்டது. வருகிறேன், வருகிறேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசற்படியிலிருந்து தண்ணீர் என் செருப்பின் மேல் வழிந்தது. அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். தாய்க்கு இளையவன் கொள்ளி வைப்பதுதான் எங்களில் முறை. அதில் எனக்கு வழக்கு இல்லை. காத்திருந்திருக்கலாம். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. கடிதத்தின் முதல் வரி இதுவாகத்தான் இருக்கும்.

மே 4, ஞாயிறு

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மூத்தவள் நறுமுகைக்குப் பதினொரு வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, எதையும் இரண்டு முறை யோசித்துச் சொல்கிற முகம். இளையவள் மதுராவுக்கு ஆறு. அவள் ஒரு முறைகூட யோசிப்பதில்லை. காரிலிருந்து இறங்கியதும், "நீங்கதான் கோவப் பெரியப்பாவா?" என்று கேட்டாள். அக்காக்காரி அவள் தொடையில் கிள்ளினாள்.

மதுராவிடம் அப்பா மதுரைக்கு வேலையாகப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நறுமுகைக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை.

மே 5, திங்கள்

மதுரா பல் துலக்க மறுக்கிறாள். இந்த ஊர்த் தண்ணீர் கடிக்கிறதாம்.

மே 6, செவ்வாய்

நறுமுகைக்குப் பள்ளி திறந்ததும் ஒரு காரியம் இருக்கிறது. வகுப்பில் ஆளுக்கொரு நாட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாட்டுப் பண்டம் ஒன்றைத் தானே செய்து, செய்முறையையும் படத்தையும் கோப்பில் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். இவளுக்கு வந்தது ஸ்பெயின். போனில் ஒரு ஸ்பானியப் பெண்மணியின் வீடியோவைக் காட்டினாள். எம்பனாடா என்று பெயர். மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் பழக்கூழ் வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தைக் கயிறு போல முறுக்கி ஓவனில் சுடுகிறார். பார்த்ததும் சொன்னேன், இது நம் சோமாசி. எண்ணெயில் போடாமல் ஓவனில் வைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று.

"அப்பாவும் அதான் சொன்னாங்க. லீவுல சேந்து செய்யலாம்னு சொன்னாங்க," என்றாள் நறுமுகை. போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும்.

என்னிடம் ஒரு சிறிய ஓவன் இருக்கிறது. சேவியர் பேக்கரியில் இனி ரொட்டி வாங்குவதில்லை என்று முடிவெடுத்த வருடம், ரொட்டியை நானே சுட்டுக்கொள்வதாக வாங்கினேன். இரண்டு முறை சுட்டேன். அதன் பிறகு ரொட்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சேவியர் செய்தது சிறிய காரியம் இல்லை. நான் வேதியியல் ஆசிரியராக இருந்த உறைவிடப் பள்ளியில், எனக்கு வர வேண்டிய தலைமைப் பதவியை எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குக் கொடுத்தார்கள். அந்த விழாவுக்கு மூன்றடுக்குக் கேக் செய்து கொடுத்தவர் இந்த சேவியர். வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தவனிடம், கேக் எப்படி இருந்தது சார் என்று கேட்டார்.

பழத்துக்குக் குறைவில்லை. வீட்டுக்குப் பின்னால் பிளம்ஸ் மரம் காய்த்துக் கொட்டுகிறது. மைதா இருக்கிறது. வெண்ணெய்தான் இல்லை. பக்கத்து மளிகைக்கடைக்காரருடன் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் பஸ் நிலையம் வரை நடந்து போனோம். மதுரா வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தக் கடை ஏன் வேண்டாம், அந்தக் கடை ஏன் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். சொல்லும்போது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் அவள், "பெரியப்பாக்கு இந்த ஊர்ல யாருதான் ஃப்ரெண்டு?" என்றாள்.

பஸ் நிலையக் கடையில் வெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. நான் திரும்புவதற்குள் மதுரா எதிரே சேவியர் பேக்கரிக்குள் போய்விட்டாள். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போகாமல் முடியவில்லை. சேவியர் தலை நரைத்துப் போயிருக்கிறார். வெண்ணெய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பேத்திங்களா சார்?" என்றார்.

"தம்பி பிள்ளைங்க," என்றேன்.

தம்பி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலம் ஆகிவிட்டது. வீடு வந்த பிறகுதான் அது உறைத்தது. பேத்திகளா என்று கேட்டதும் அதற்குப் பிறகுதான் உறைத்தது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது.

மே 7, புதன்

முதல் முயற்சி. பழத்தை நறுக்கிச் சர்க்கரை சேர்த்து அப்படியே வைத்தோம். ஓவனுக்குள் போனதும் சாறு கழன்று, மாவு ஊறி, தட்டு முழுக்க ரத்தக் களரி. மதுரா ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, கஞ்சி மாதிரி இருக்கிறது, ஆனால் நல்ல கஞ்சி என்றாள். நறுமுகை சிரிக்கவில்லை. ஓவனைத் துடைத்து முடித்த பிறகும் அதையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பண்டம் சரியாக வராததற்கு யாரும் இப்படித் துடைப்பதில்லை.

அடுத்த முறை பழத்தைக் கொதிக்க வைத்து அல்வா பதத்துக்குக் கிளறி, ஆறவிட்டு வைக்கலாம் என்றேன். நீரை முதலிலேயே வெளியேற்றிவிட்டால் பிரச்சினை தீரும். தலையாட்டினாள். பிறகு, "இது சரியா வந்துருச்சுன்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தின் மீதி எனக்குப் புரிந்தது. அப்படியெல்லாம் பந்தயம் கட்டக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சின்ன வயதில் பரீட்சை முடிவு வரும் நாளில் நானும் கட்டியவன்தான்.

கடிதத்தில் முதல் பக்கம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது.

மே 9, வெள்ளி

ஈஸ்வரி போன் செய்தாள். குமரகுருவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பிள்ளைகளிடம் பேசி முடித்துவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஆபரேசனுக்கு முன்னாடி அவுககிட்ட ஒரு வார்த்த பேசிருங்க அத்தான்."

பார்க்கலாம் என்றேன்.

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்? டாக்டரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. நூத்துக்கு இத்தன பேருன்னு கணக்குச் சொல்றாரு. நான் காதப் பொத்திக்கிட்டேன்." குரல் உடைந்து மறுபடி சரியாயிற்று. "அன்னைக்கு நடந்தத இன்னமும் வச்சுக்கிட்டு இருக்கீகளே, அன்னைக்கு அவுகளா கிளம்பல, கிளப்பிவிட்டாக. இருட்டிருச்சுன்னா தூக்கக் கூடாதுன்னு பெரியவுக எல்லாம் சத்தம் போட்டாக. கொள்ளிச் சட்டியக் கையில வச்சுக்கிட்டு, சுடுகாட்டுப் பக்கம் பாக்காம மதுர ரோட்டத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாக. முன்னாடி பாத்து நடடான்னு எங்க மாமா அவுக முதுகுல ஒரு தட்டுத் தட்டுனாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

இதை அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னேன். அந்த வாரமே போன் போட்டேன். நீங்க முழுசாக் கேக்கல, வச்சுட்டீக."

எனக்கு அப்படி ஒரு போன் வந்ததாக நினைவில்லை. வந்திருக்கலாம். அந்த வாரம் நிறைய போன்கள் வந்தன.

இதனால் எதுவும் மாறிவிடவில்லை. நான் முகம் பார்க்கவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டும்.

எழுதவில்லை. பிளம்ஸ் பறித்தேன்.

மே 11, ஞாயிறு

இரண்டாம் முயற்சி. பழத்தை நேற்றே கிளறிவிட்டோம். தோல் கரைந்து, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்கிற பதம். மாவை நறுமுகை தேய்த்தாள். டம்ளரால் வட்டம் வெட்டுவது மதுராவின் வேலை. வெட்டியது போக மிஞ்சும் மாவைத் தின்பதும் அவளே. ஓரத்தை யார் மடிப்பது என்று பேச்சு வந்தது. அந்த ஸ்பானியப் பெண்மணியைப் போல முறுக்கிப் பார்த்தோம், வரவில்லை. எங்கள் வீட்டில் சோமாசிக்கு அச்சு கிடையாது. விரலால் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி ஒன்றின் மேல் ஒன்றாக மடிப்பு வைப்பார்கள். நறுமுகைக்கு அது தெரிந்திருந்தது. நானும் ஒன்றை எடுத்து மடித்தேன். நான் இடதுகைக்காரன். எழுதுவதும் சாப்பிடுவதும் அடித்து மாற்றப்பட்டன. சோமாசி மடிப்பதற்கு மட்டும் அம்மா என் போக்கில் விட்டுவிட்டாள், மடிப்பு அழகாக வந்ததால்.

மதுரா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா பீச்சாங்கையா?"

ஆமாம் என்றேன்.

"இது அப்பா செய்ற தப்புச் சோமாசி மாதிரியே இருக்கு."

என்ன தப்புச் சோமாசி என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. நறுமுகைதான் நான் மடித்ததையும் தான் மடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவளுடைய மடிப்புகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. என்னுடையவை இடப்பக்கம்.

"தீபாவளிக்குச் சோமாசி போடும்போது அப்பா வருவாங்க. கடைசி நாலஞ்ச மட்டும் பீச்சாங்கையால மடிப்பாங்க. இந்தப் பக்கம் சாயும். அவங்களுக்கு அந்தக் கை வராது, அதனால எண்ணெய்ல போட்டதும் வாயத் தொறந்துரும். பூரணமெல்லாம் எண்ணெய்ல கொட்டிக் கருகிப் போயிரும். எல்லா வருசமும் அம்மா திட்டுவாங்க, ஒரு சட்டி எண்ணெயும் பாழுன்னு. அப்பா கேக்க மாட்டாங்க. அது அண்ணன் பங்கு, இருக்கட்டும்பாங்க."

"உடைஞ்சத யாரு சாப்பிடுவா?" என்றேன்.

"அப்பாதான். நீங்கதான் வர மாட்டீங்களே," என்றாள் மதுரா.

கையில் மாவு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. பின்கட்டுக் குழாயடிக்குப் போய்க் கழுவினேன். மலைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும், மாவு சட்டென்று போகாது. அதனால் நேரமாகிவிட்டது.

இந்த முறையும் சரியாக வரவில்லை. உள்ளே வைத்த சில நிமிடங்களில் ஒவ்வொன்றாக வயிறு வெடித்தன. நாங்கள் சோமாசிக்கை படைத்தவர்கள். எண்ணெயில் ஒரு பொட்டும் சிந்தக் கூடாது என்று ஓரத்தைப் பூட்டுப் போட்ட மாதிரி அடைத்தோம். சோமாசியின் பூரணம் உலர்ந்தது, அதற்கு அது சரி. இது ஈரமான பழம். சூடானதும் ஆவி வெளியே போக வழி தேடும். வழி இல்லையென்றால் கிடைத்த இடத்தில் கிழித்துக்கொண்டு போகும். இதை இருபது வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் வெடிக்காமல் அழகாகப் பழுப்பேறி உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் நடுமுதுகில் ஓர் ஓட்டை. மதுரா பென்சிலால் குத்தியிருக்கிறாள்.

"பழம் உள்ள என்ன பண்ணுதுன்னு பாத்தேன்," என்றாள்.

மே 12, திங்கள்

அறுவை சிகிச்சை தள்ளிப் போயிருக்கிறது. அவனுக்குக் காய்ச்சல். தணிந்தால் வியாழக்கிழமை. காலையிலிருந்து தயாராக வைத்திருந்த மனத்தை இனி எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு இட்லி.

மே 14, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டதாம். நாளைக் காலை அறுவை சிகிச்சை.

மாலையில் மூன்றாம் முயற்சி. நறுமுகை அவசரப்படுத்தினாள்; இன்றைக்குள் சரியாக வந்தாக வேண்டும் அவளுக்கு. நான் காரணம் கேட்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலுக்குப் பதில் முள்கரண்டியால் குத்தினோம். ஓவனின் கண்ணாடிக்கு முன்னால் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். துளைகளில் செஞ்சாறு மெல்லக் கொப்பளித்து அடங்கியது. ஒன்றுகூட வெடிக்கவில்லை. நறுமுகை மூச்சு விட்டாள். இத்தனை நாளும் அவள் முழு மூச்சு விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் அடுத்த தட்டுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன். நறுமுகை போனை மேசை மேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டாள். குமரகுருவின் குரல். எட்டு வருடத்தில் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, இல்லையென்றால் படுத்துக்கொண்டு பேசியிருப்பான். எம்பனாடா வந்துவிட்டது என்று நறுமுகை சொன்னாள். ஓட்டை போட வேண்டும், அதைத் தான்தான் கண்டுபிடித்தது என்று மதுரா கத்தினாள். அவன் சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே இருமலாயிற்று.

நறுமுகை போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே நின்றாள்.

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். விரலெல்லாம் மாவு.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனில், "பெரியப்பா கையில மாவுப்பா," என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ தட்டைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் சொன்னான்: "சரிம்மா. ஓரத்த மட்டும் பெரியப்பாவையே மடிக்கச் சொல்லு."

மே 15, வியாழன்

காலை முதல் போன் என் சட்டைப்பையில். குளிக்கப் போகும்போது நறுமுகை கையில்.

காத்திருக்கும்போது சில கணக்குகள் தாமாகவே ஓடுகின்றன. இன்று அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கிளம்ப வேண்டும். மலைப்பாதையில் மரம் விழாமல் இருக்க வேண்டும். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டு வந்து, யோசிப்பது எதைப் பற்றி என்று உறைத்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். நேற்று மாவுக் கையோடு போனைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். போன் அழுக்காகியிருக்கும். துடைத்திருக்கலாம்.

மதுரா வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பாவுக்கு இன்னைக்கு நெஞ்சத் தெறக்கறாங்கல்ல?"

யார் சொன்னது என்றேன்.

"யாரும் சொல்லல. எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க." பிறகு அவள் கேட்டாள்: "தெறந்தா மூடிருவாங்கல்ல?"

மூடிவிடுவார்கள் என்றேன். நன்றாக மடித்து மூடுவார்கள் என்றேன். அதை ஒரு டாக்டரின் வார்த்தை போல நம்பிவிட்டு, அணிலைத் துரத்தப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு மேல் போன் வந்தது. ஈஸ்வரி முதலில் அழுதாள். அந்த அழுகை எந்த வகை என்று தெரியாமல் நின்ற அந்தச் சில நொடிகளை என் எதிரிகள் யாருக்கும் நான் விரும்பமாட்டேன், எனக்குப் பதில் தலைமைப் பதவிக்கு வந்தவன் உட்பட. பிறகு சொன்னாள். நல்லபடியாக முடிந்தது. வால்வு மாற்றியாயிற்று. கண் திறந்துவிட்டான். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. ஆனால் ஈஸ்வரி சொன்னதற்குத் தலையசைத்தானாம்.

நறுமுகையிடம் சொன்னேன். அவள் சுவர் ஓரமாக அப்படியே உட்கார்ந்து முழங்காலில் முகம் புதைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் குடியேறியதிலிருந்து நான் தரையில் உட்கார்ந்தது இல்லை, இந்த வாரத்தைத் தவிர. எழுந்திருக்கும்போது அவள்தான் கை கொடுத்தாள்.

எஞ்சியிருந்த எம்பனாடாவை மூவரும் தின்று தீர்த்தோம். பிளம்ஸின் புளிப்பு நாக்கில் நன்றாக நின்றது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

மே 16, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன். விழித்தபோது வெயில் கட்டிலுக்கு வந்துவிட்டிருந்தது.

கூடத்தில் நறுமுகை கோப்பை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பெயின் கொடி, செய்முறை, எங்கள் தட்டின் புகைப்படம். கடைசிப் பக்கத்தில் மதுரா வரைந்த ஓர் எம்பனாடா. முதுகில் பெரிய துளை, துளைக்கு மேலே சுருள் சுருளாகப் புகை. படம் நன்றாகத்தான் இருந்தது. தாள் பழக்கமானதாகத் தெரிந்தது. என் மேசையிலிருந்து எடுத்திருக்கிறாள். குமரகுருவுக்கு நான் எழுதிய முதல் பக்கம். மறுபுறம் வெறுமையாக இருந்ததால் அதில் வரைந்துவிட்டாள். 'அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை' என்று தொடங்குகிற அந்தப் பக்கம், ஸ்பெயின் நாட்டுப் பண்டமாகக் கோப்பில் குப்புற ஒட்டப்பட்டிருக்கிறது. பசை காய்ந்துவிட்டது.

பிய்த்தால் படம் கிழியும். விட்டுவிட்டேன்.

மே 18, ஞாயிறு

பிள்ளைகள் போய்விட்டார்கள். இனி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, வெளியூரிலிருந்து இப்போதுதான் திரும்பிய ஈஸ்வரியின் சித்தி வீட்டில் தங்கிக்கொள்வார்களாம்; குமரகுரு அறைக்கு வந்துவிட்டான், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்கிறான். காரில் ஏறும்போது நறுமுகை ஒரு டப்பாவை இறுகப் பிடித்திருந்தாள். நேற்று மறுபடி சுட்டதில் அவள் மடித்தவை மட்டும். நான் மடித்தவற்றை அதில் வைக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"பெரியப்பா கோவமெல்லாம் போயிருச்சா?" என்று மதுரா கண்ணாடியை இறக்கிக் கேட்டாள்.

கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

"சரி. தீபாவளிக்கு வரும்போது கொண்டாங்க," என்றாள். கோபத்தைச் சொன்னாளா, எம்பனாடாவையா, தெரியவில்லை. கார் கிளம்பிவிட்டது.

வீடு நான் விரும்புகிற அளவுக்கு அமைதியாக இருக்கிறது. அதற்கு மேலேயும் இருக்கிறது.

மே 19, திங்கள்

மரத்தில் பழம் இன்னும் இருக்கிறது. வீணாகக் கூடாது என்று பறித்துக் கிளறினேன். வெண்ணெய் போதவில்லை. சேவியர் கடைக்குப் போனேன். பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டேன். நல்ல ரொட்டி.

தனியாகச் செய்யும்போது வேலை சீக்கிரம் முடிகிறது, அவ்வளவு சுவாரசியமில்லை. அத்தனையையும் இடது கையால் மடித்தேன். துளையிட்டேன். நன்றாக ஆறிய பிறகு ஒரு தகர டப்பாவில் வெண்ணெய்த்தாள் விரித்து அடுக்கினேன். மதுரை வெயிலிலும் இரண்டு நாள் தாங்கும். சர்க்கரை வியாதி இல்லாதவன், ஒன்று தின்றால் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னதாக ஈஸ்வரி சொல்லியிருக்கிறாள். கேட்டது நான்தான்.

ஒரு வட்டம் மிச்சமிருந்தது. அதை வலது கையால் மடித்துப் பார்த்தேன். வராத கை, மடிப்பு தப்பும் தவறுமாக வந்தது. ஓவனில் வாய் பிளந்து, பழம் வழிந்து, ஓரம் கருகிவிட்டது. எடுத்துக் குப்பையில் போடப் போனவன், அதையும் டப்பாவின் நடுவில் வைத்தேன். அது அவன் பங்கு.

டப்பாவுக்குள் ஒரு வரி எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று எழுதினேன். டாக்டர் எழுதிய மாதிரி இருந்தது. 'அன்புள்ள' என்று ஒரு தாளில் தொடங்கி, அத்தோடு நிறுத்தினேன். எட்டு வருடத்துக்கான கடிதம் ஒன்று விருதுநகர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் கோப்பில் ஒட்டிக்கிடக்கிறது. இன்னொன்று எழுத எனக்குத் தெம்பில்லை. தேவையும் படவில்லை.

டப்பாவைத் துணியில் வைத்துத் தைத்தாயிற்று. பெறுநர் இடத்தில் அவன் பெயரும் ஆஸ்பத்திரியும் அறை எண்ணும். அனுப்புநர் என்ற இடத்தில் வீட்டு எண், தெரு, கொடைக்கானல். நாளைக் காலை தபால் ஆபீஸில் பெயர் எங்கே சார் என்று கேட்பார்கள். அவ்வளவு போதும் என்று சொல்லிக்கொள்வேன். பெயர் எழுதவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.